அது அவள் குரல் இல்லை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம், நீ எப்படி இருக்கிறாய் என்று பதில் போடு என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அதில் பாதிதான் இன்றைக்கு என்னால் எழுத முடியும். உடம்புக்கு யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சௌக்கியமில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் பேசும்போது நீ “ம்ம், சொல்லும்மா, ம்ம்” என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பது எனக்கு இங்கே கேட்கிறது தம்பி. கடிதத்தை நடுவில் நிறுத்தி “மீட்டிங் வந்துடுச்சும்மா, அப்புறம் கூப்பிடறேன்” என்று சொல்ல முடியாது பார், அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்தேன். கை எழுத மறந்துவிட்டது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விஷயமும் கொஞ்சம் கோணல்தான்.

அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. பஸ்ஸின் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். டிப்போவில் லேசான வேலையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு மேலாளர் சிரித்துக்கொண்டே, “எல்லாருக்கும்தான் கால் வலிக்குது, உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா”ன்னு கேட்டாராம். இவரும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார், அவர் சுபாவம் உனக்குத் தெரியாதா. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பழைய முதலாளி ஒதுங்கிக்கொண்டு மகனிடம் ஒப்படைத்துவிட்டார். அந்தப் பையன் படித்தவன், ஃபிரேம் மாட்டிவிடும்போது சிரித்துக்கொண்டே மாட்ட வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறான். மூக்கில் உட்காரும் பட்டையின் திருகை முடுக்கும்போது பல்லைக் காட்டினால் திருகு கீழே விழும் என்று நான் சொன்னேன், அதற்கும் சிரித்தான். உன் சித்தி பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்டாள், இனிமேல் நம் வீட்டுச் செய்தி எல்லாம் நமக்கு முன்னால் ஊருக்குத் தெரியும். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சரி, சுற்றி வளைத்து எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வாயாடியைப் பற்றித்தான். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நீ. காது கேட்காத பிள்ளைக்கு வாயாடி என்று பேர் வைக்கிறானே என்று சித்தி அன்றைக்குத் திட்டினாள், ஆனால் உன் தங்கச்சி பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வாயை மூடியதே இல்லை, அதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது. காது மெஷினில் அவளுக்கு பஸ் ஹாரன் கேட்கும், பாத்திரம் விழுந்தால் கேட்கும், பேச்சு மட்டும் பிரிந்து கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காக நம் வீட்டில் நாம் என்னென்ன மாற்றினோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உதடு மறைகிறது என்று அப்பா அத்தனை ஆசையாக வளர்த்த மீசையை ஒரே நாளில் எடுத்தார், நான் வாசலைப் பார்த்து நிற்கும்படி அடுப்பை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், முதுகைக் காட்டிக்கொண்டு இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இதையெல்லாம் தியாகம் என்று ஒருநாளும் நாங்கள் நினைக்கவில்லை. வெளியே போனால்தான் இது மற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய பாரமாகத் தெரிகிறது என்று புரிகிறது. இரண்டு பள்ளிக்கூடம் கதவைச் சாத்திய பிறகு இந்தப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களே என்று நான் அந்தத் தலைமை ஆசிரியையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது உனக்கும் நினைவிருக்கும். “எங்க பள்ளியில எல்லாரும் சமம்மா”ன்னு கையைப் பிடித்துச் சொன்னார். சேர்த்த வாரமே உன் தங்கச்சியை வெயிலில் நிறுத்திப் படம் பிடித்து, பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டிவிட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில் ‘இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு’ என்று போட்டிருந்தது.

இடம் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. முதல் பெஞ்சில் ஓர் ஓரம். கணக்கு ஆசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டே முழுப் பாடத்தையும் நடத்துவார், பிள்ளைகள் பக்கம் திரும்புவது அதட்டுவதற்கு மட்டும்தானாம், அதனால் அவர் வகுப்பில் அவளுக்குத் திட்டு மட்டும் நன்றாகப் புரியும். இதை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். காலையில் வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிடுவது தெரியாமல் உட்கார்ந்திருப்பாள், பக்கத்துப் பெண் முழங்கையால் இடிக்க வேண்டும். இரண்டு பேரும் பேசுகிறார்கள் என்று அந்தப் பெண்ணைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள், அதற்குப் பிறகு இவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு பாதி நாள் வராதவள் ஆனாள். நான் போய்க் கேட்டேன். கொஞ்சம் திரும்பி நின்று பேசினால் போதும் சார், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கெஞ்சினேன். கணக்கு ஆசிரியர் என்ன சொன்னார் தெரியுமா, “ஒரு பொண்ணுக்காக நான் தனியா நடத்த முடியாதும்மா, எனக்கு எல்லாப் பிள்ளைங்களும் சமம்.” அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே சேர்த்துக்கொண்டார்கள், அதே வார்த்தையைச் சொல்லியே வாயையும் அடைத்தார்கள். எனக்கு அப்போதே கோபம் வந்தது, ஆனால் அடுத்த வருஷம் அவள் அறிவியல் பிரிவில் சேர வேண்டும், வேறு எந்தப் பள்ளியும் எடுக்காது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் தங்கச்சிக்கு மருந்து செய்யும் படிப்புப் படிக்க ஆசை. உனக்கு அவள் அதைச் சொல்லியிருக்கிறாளா என்று தெரியவில்லை.

போன மாதம் பள்ளியில் சமத்துவ நாள் என்று ஒரு விழா வைத்தார்கள். கல்வி மேலதிகாரி வருகிறார், நன்கொடை கொடுப்பவர்கள் வருகிறார்கள், உங்க பொண்ணு மேடையில் பேச வேண்டும் என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பேசினால் அறிவியல் பிரிவு விஷயத்தை நல்லபடியாகப் பார்க்கலாம் என்று தலைமை ஆசிரியை காதில் போட்டு வைத்தார். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவளே உட்கார்ந்து பேச்சு எழுதினாள், பாடம் நடத்தும்போது எங்கள் முகத்தைப் பாருங்கள், உங்கள் முகம் தெரிந்தால் எனக்குப் பாடம் தெரியும் என்று அழகாக எழுதியிருந்தாள். விழாப் பொறுப்பை எடுத்துக்கொண்ட ஆசிரியை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல நாளில் குறை பேசக் கூடாது என்று வேறொன்று எழுதிக் கொடுத்தார். நன்றி நன்றி என்று நாலு பக்கம். எங்கள் பிள்ளை அதையும் மனப்பாடம் செய்தாள். நான் அடுப்படியில் நிற்க, அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருக்க, எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று தினமும் பேசிக் காட்டினாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கு வழியாகக் கொஞ்சம் கனமாக வரும், எங்கே ஏற வேண்டுமோ அங்கே இறங்கும், சந்தோஷம் வந்தால் கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். புதிதாகக் கேட்பவர்களுக்கு முதல் இரண்டு வாக்கியம் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். என் கடைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் அவளோடு மணிக்கணக்கில் கதை பேசிவிட்டுப் போகிறார்கள். பழக வேண்டும், அவ்வளவுதான்.

விழா அன்றைக்கு அப்பா டிப்போவில் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு வந்தார், இரண்டு பேரும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். அவள் மேடையேறி மைக் முன்னால் நின்றாள். ஆரம்பித்தது பேச்சு. தேன் மாதிரி ஒரு குரல், தெளிவான உச்சரிப்பு, ஏற்ற இறக்கம் எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை, அவள் வாய் அசைகிறது, வருவது அவள் குரல் இல்லை. அப்பா என் கையைப் பிடித்து நசுக்கினார், அவர் மேடையைப் பார்க்கவே இல்லை, சுவரில் தொங்கிய ஸ்பீக்கரையே வெறித்துக்கொண்டிருந்தார். வேறொரு பெண்ணைப் பேசவைத்து முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள் தம்பி. “உன் குரல் விருந்தாளிங்களுக்குப் புரியாது, நீ வாய மட்டும் அசை, அது போதும்”ன்னு மேடையேறப்போகும் நேரத்தில் இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் சொல்ல அவளுக்கு நேரமும் கொடுக்கவில்லை. அந்த விழா ஆசிரியை மேடைக்குக் கீழே, இவளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, எந்த இடத்தில் எந்த வார்த்தை வருகிறது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றையும் உதட்டில் நிதானமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க அந்தப் பள்ளியில் யாரும் என் பெண்ணுக்கு முகம் கொடுத்து இப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை. முடியாது என்றார்களே, முடிகிறது பார். பொய் சொல்ல வைக்க வேண்டும் என்றால் முடிகிறது.

பேச்சு பாதிக்கு மேல் போய்விட்டது. ‘இந்தப் பள்ளிதான் எனக்குக் குரல் கொடுத்தது’ என்று ஒரு வரி. அந்த இடத்தில் உன் தங்கச்சி வாயை மூடினாள். சும்மா மூடவில்லை, உதடு இரண்டையும் அழுத்தி, சின்ன வயதில் மருந்து குடிக்க மாட்டேன் என்று மூடுவாளே, அப்படி மூடினாள். குரல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, எப்படி எல்லோரும் என்னை அரவணைத்தார்கள் என்று உருகுகிறது, இவள் மூடிய வாயோடு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கீழே நின்ற ஆசிரியை வாயைத் திற திற என்று கையை ஆட்டுகிறார். பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள், பெற்றோர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மேலதிகாரி மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கடைசியில் நன்றாகக் கைதட்டினார். முடிந்ததும் இவள் எல்லோருக்கும் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி நேரே எங்களிடம் வந்தாள். வந்து முதலில் என்ன கேட்டாள் தெரியுமா, “அந்தக் குரல் எப்படிம்மா இருந்துச்சு, நல்லா இருந்துச்சா?” அவளுக்கு அது கேட்கவே இல்லையே. நல்லாத்தான் இருந்துச்சு, உன்னோடதா இல்ல என்று சொன்னேன். “அப்ப சரி” என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், அப்பா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். பள்ளி மானத்தை மேடையில் வைத்து வாங்கிவிட்டாளாம், எவ்வளவு செய்தோம் என்று நன்றி இல்லையாம். அறிவியல் பிரிவில் இடம் இல்லை, ஆய்வுக்கூடத்தில் அமிலம், நெருப்பு எல்லாம் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்காத பிள்ளையை வைத்துக்கொண்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார் தலைமை ஆசிரியை. “அவளோட நல்லதுக்குத்தான் சொல்றேன், அவ மாதிரிப் பிள்ளைங்களோட இருந்தா அவளுக்கும் சந்தோஷமா இருக்கும்”ன்னு தொலைவில் இருக்கிற ஒரு விடுதிப் பள்ளியின் பேரைச் சொன்னார். வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறீர்களே, அந்தப் படத்தை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டேன். அது போன வருஷமே அச்சடித்தது, அப்படியே இருக்கட்டும் என்றார், கொஞ்சம்கூடக் கூசவில்லை. எப்போதும் வாயே திறக்காத உன் அப்பா அன்றைக்கு எழுந்து, என் பொண்ணு எங்கயும் போகமாட்டா, நீங்க திரும்பி நின்னு பேசக் கத்துக்குங்க என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். மேலே புகார் கொடுத்திருக்கிறோம், அந்த அலுவலகத்தில் போய்க் காத்துக் கிடப்பதுதான் இப்போது என் வாராந்திர விடுமுறை. நடக்குமா நடக்காதா தெரியாது.

இத்தனைக்கும் அவள் உடைந்து போகவில்லை தம்பி, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே அமர்க்களம். தலைமை ஆசிரியை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டுவாள், கணக்கு ஆசிரியர் மாதிரி சுவரைப் பார்த்துப் பேசுவாள், சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குரல் கொடுத்த பெண் ஒருநாள் வீட்டுக்கே வந்து, இவளுக்குத் தொண்டை சரியில்லை என்றுதான் என்னிடம் சொன்னார்கள், எனக்குத் தெரியாது என்று தேம்பித் தேம்பி அழுதாள். இவள்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானப்படுத்தினாள், சத்தமாக, நீட்டி நீட்டி. அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் பள்ளிக்காரர்கள் அந்த விழாவை வீடியோவாக வெளியிட்டார்கள். வாயை மூடிய இடத்தை வெட்டிவிட்டு, அதற்குப் பதில் வாசலில் இருக்கும் படத்தைச் சிரித்த முகமாகச் சொருகி, குரலை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். யாரோ யாருக்கோ அனுப்பி அது உன் கையிலும் வந்து சேர்ந்தது. நீ குடும்பக் குரூப்பில் எழுதினாய்: ‘என் தங்கச்சி குரல் எவ்வளவு தெளிவா ஆயிடுச்சு! பயிற்சி வீண் போகல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு.’ அதோடு விட்டாயா, உன் ஆபீஸில் எல்லோரையும் சமமாக நடத்துவதற்கு என்று ஒரு குழு இருக்கிறது, அதில் நீயும் ஒருவன், அந்தக் கூட்டத்தில் இதைப் போட்டுக் காட்டினேன், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றும் எழுதினாய். பெருமையாக எழுதினாய். அவளுக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்து எழுதினாய், அது எனக்குப் புரிகிறது, அதனால்தான் இன்னும் கசக்கிறது. வேற்று மனிதர்கள் ஏமாந்தார்கள், போகட்டும். நீ அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன். அவளுக்கு முதல் வார்த்தை சொல்லக் கற்றுக் கொடுக்க அவள் கையை எடுத்து உன் தொண்டையில் வைத்துக்கொண்டு ‘அண்ணா, அண்ணா’ என்று நாள் முழுக்கக் கத்தியவன். உன்னால் எப்படி முடிந்தது? யோசித்துப் பார்த்தேன், பதில் எனக்கே கிடைத்தது. நீ கூப்பிடும்போதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்துகொண்டே பேசுகிறாய், அப்பாவிடம் பேசுகிறாய், என்னிடம் பேசுகிறாய், வாயாடிக்கு மெசேஜ் போட்டுட்டேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நீ அவள் குரலைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று உனக்குத் தெரியுமா? அவளுக்குத் தெரியும்.

நீ எழுதியதை அவள் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் படித்தாள். ஒரு தடவை படித்தாள், மறுபடி படித்தாள், போனை என் மடியில் வைத்தாள். “அண்ணனுக்கு என் குரல் மறந்துபோச்சாம்மா?” என்று கேட்டாள். கடையில் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். இல்லடி, அவன் அவசரத்துல பாத்திருப்பான் என்றேன். அவள் கேட்ட அந்தக் கேள்விதான் அவள் குரலில் நான் கடைசியாகக் கேட்டது. அன்றிலிருந்து அவள் பேசவில்லை. எங்களோடு சைகையில் பேசுகிறாள், அவசரம் என்றால் உள்ளங்கையில் எழுதிக் காட்டுகிறாள். சைகையில் பேசுவது குறை என்று நான் சொல்லவில்லை, அவளைப் போலவே காது கேட்காத சிநேகிதிகளோடு அவள் கைகளால் பேசிச் சிரிக்கும் அழகை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் இது அவளாக ஆசைப்பட்டு எடுத்ததில்லையே, யாருக்கும் வேண்டாததை எதற்கு வெளியே எடுக்க வேண்டும் என்று உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடம் அவள் குரலை ஒளித்தது, அதற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். உனக்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

ஆகவே தம்பி, நீ இதைப் படித்துவிட்டு உடனே ‘சாரி’ என்று மெசேஜ் போடாதே, பூப்படம் அனுப்பாதே, என்னிடம் போன் போட்டு அழாதே. ஒருநாள் லீவு எடு. முகத்தில் வெளிச்சம் விழும்படி ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வீடியோவில் அவளைக் கூப்பிடு, அவளை மட்டும். அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் நீயும் உட்கார்ந்திரு, வேலை இருக்கிறது என்று எழுந்துவிடாதே. அந்தக் குழுவில் கைதட்டினார்களே, அவர்களிடமும் அது யார் குரல் என்று சொல். சொல்லக் கஷ்டமாக இருந்தால் நல்லது, கொஞ்சம் கஷ்டமாக இருக்கட்டும். அவர்கள் உன்னை என்ன நினைப்பார்களோ என்று பயப்படுகிற நேரத்தில், அந்த மேடையில் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று யோசித்துப் பார்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் என் வாயில் உனக்குச் சாபம் வராது, நீ தீர்க்காயுசாக, நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் வரும், உன் அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். இதை உறையில் போடுவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன், அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று. நிதானமாகப் படித்தாள், அண்ணனை இவ்வளவு திட்ட வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அப்புறம் என் உள்ளங்கையை இழுத்து ஒன்று எழுதினாள், உன்னிடம் மறக்காமல் சொல்லச் சொன்னாள். அந்த வீடியோவை இனிமேல் யாருக்காவது காட்டுவதாக இருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்ட வேண்டுமாம், அதில் முகம் மட்டும்தான் அவளுடையதாம்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும்
அம்மா